அடிபட்டவரின் குடலும் புரோபயாடிக் பொட்டலமும்

குடல்வாழ் நுண்ணுயிர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, விபத்தில் அடிபட்டு ஏராளமாக ரத்தம் இழந்தவர்களின் வீட்டாரிடமிருந்து வந்தவை. ‘புரோபயாடிக் கொடுக்கலாமா’ என்ற ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். புரோபயாடிக் என்பது, நன்மை தரும் என்று கருதி விழுங்கும் உயிருள்ள நுண்ணுயிர்களின் தயாரிப்பு. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இங்கே நான் சொல்வது பொதுவான விளக்கம்தான். படுக்கையில் இருப்பவரைத் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவை மாற்றுவதற்காக இதை யாரும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு விபத்தில் தொடை எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்து ரத்தம் நிறையப் போய்விட்டது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் ஐந்தாம் நாள் வயிறு உப்பிக் காய்ச்சல் வந்தபோது, “குடலை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது” என்றார் மருத்துவர். காலில் பட்ட அடிக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

பதில்: இரண்டையும் இணைப்பது ரத்தம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே, தோலுக்கு வெளியே ஒரு சொட்டுகூட வராமல், 1 லிட்டருக்கும் மேல் தசைகளுக்குள்ளேயே கசிந்துவிடக்கூடும். இடுப்பெலும்பும் சேர்ந்து முறிந்தால் இழப்பு அதைவிடப் பல மடங்கு ஆகலாம். மொத்த ரத்தத்தில் 30 முதல் 40 விழுக்காடு குறைந்த நிலையில் ரத்த அழுத்தம் சரிகிறது. அப்போது உடல், இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் காப்பாற்றிக் கொடுப்பதற்காக மற்ற உறுப்புகளுக்குச் செல்லும் தமனிகளைச் சுருக்கிவிடுகிறது. ஓய்வில் இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வயிற்றுறுப்புகளுக்குத்தான் போகிறது என்பதால், இந்தப் பஞ்சகாலச் சிக்கனத்தில் முதலில் கைவைக்கப்படுவது குடலின் பங்கில்தான்.

குடலுக்குள் இது எங்கே வலிக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில், வெல்வெட் துணியின் இழைகளைப் போல, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நுண்தமனி மேலேறி, நுனியில் பிரிந்து, ஓரங்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. மேலேறும் குழாயும் இறங்கும் குழாய்களும் மிக நெருங்கி ஓடுவதால், ஆக்சிஜனின் ஒரு பகுதி நுனிவரை செல்லாமல் அடிப்பகுதியிலேயே குறுக்கே தாவி விடுகிறது. இதனால் நலமாக இருக்கும் நாளிலேயே நுனிக்குக் கிடைப்பது குறைவுதான். ரத்தம் குன்றும்போது அந்தக் குறைவும் இல்லாமல் போகிறது. அரை மணி நேரம் ஓட்டம் நின்றாலே நுனியிலுள்ள செல்கள் தம் அடித்தளத்தை விட்டுப் பிரிந்தெழுவதை நுண்ணோக்கியில் காணலாம். குடலுக்குள் இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் உடலின் உட்பகுதிக்கும் இடையில் நிற்பது இந்த ஒற்றை வரிசைச் செல்களும், அவற்றைப் பக்கவாட்டில் தைத்து வைத்திருக்கும் புரத இணைப்புகளும், மேலே பூசியிருக்கும் சளிப்படலமும் மட்டுமே என்பதை நினைத்தால், மருத்துவரின் கவலைக்குக் காரணம் விளங்கும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ரத்தம் ஏற்றி, அழுத்தம் சீரானவுடன் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. கையில் கட்டிய கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதும் குடலின் நுண்குழாய்கள் சுருங்கியே கிடப்பதை விலங்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அத்துடன், பட்டினி கிடந்த திசுவுக்கு ஆக்சிஜன் திடீரென்று திரும்பும்போது உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் புதிய காயத்தை ஏற்படுத்துகின்றன. வறண்ட வயலில் மதகை முழுதாகத் திறந்துவிட்டால் கரை உடைவதைப் போன்றது இது.

ஆறுதலான செய்தியும் இதே செல்களிடம் இருக்கிறது. குடலின் உட்படலம் 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. உடம்பில் இவ்வளவு விரைவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு வேறு அதிகம் இல்லை. அடித்தளத்துக் குழிகளில் உள்ள மூலச்செல்கள் உயிரோடு இருந்து, ரத்த ஓட்டமும் தொடர்ந்து கிடைக்குமானால், குடல் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்கு வயிறு உப்பியதற்கும் காய்ச்சலுக்கும் வேறு காரணங்கள் பலவும் இருக்கக்கூடும். வலி மருந்துகளில் உள்ள ஓப்பியாய்டுகளே குடலின் அசைவை நிறுத்தி வைக்க வல்லவை.

கேள்வி: குடலில் உள்ள பாக்டீரியா ரத்தத்தில் கசிந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று படித்தேன். இது உண்மையா, அல்லது இன்னொரு பரபரப்பா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியைக் கண்டடைய மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

1950களில் பாஸ்டனில் ஜேக்கப் ஃபைன் என்ற அறுவை மருத்துவர், ரத்தம் இழந்த விலங்குகள் ரத்தத்தைத் திரும்ப ஏற்றிய பிறகும் இறந்துபோவதற்குக் குடல் பாக்டீரியாவின் நச்சே காரணம் என்று வாதிட்டார். நெடுங்காலம் இது ஊகமாகவே இருந்தது. 1991இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு, கடுமையாகக் காயமடைந்த 20 பேருக்கு, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையிலேயே குழாய் வைத்து, பல நாட்கள் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தது. குடலிலிருந்து பாக்டீரியா கசிவதாக இருந்தால் முதலில் அங்கேதான் பிடிபட வேண்டும். ஆனால் ஏறத்தாழ எல்லா மாதிரிகளிலும் ஒன்றும் வளரவில்லை. எளிய கசிவுக் கதைக்கு அத்துடன் பெரிய அடி விழுந்தது.

எட்வின் டைச் என்ற ஆய்வாளரின் குழு வேறு வழியில் தேடியது. குடலிலிருந்து வெளியேற ரத்தக்குழாய் மட்டும் வழியல்ல, நிணநீர்க்குழாயும் உண்டு. குடலின் நிணநீர் கல்லீரலைத் தொடாமல் மார்பு நிணநாளத்தில் ஏறி, கழுத்தின் இடப்பக்கத்தில் பெரிய சிரையில் கலந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போய்ச் சேருகிறது. எலிகளுக்கு முன்கூட்டியே அந்த நிணக்குழாயைக் கட்டிவிட்டு, பிறகு ரத்தம் இழக்கச் செய்தபோது நுரையீரல் பெரும்பாலும் தப்பியது என்பதை 1990களின் பிற்பகுதியில் அவர்கள் காட்டினார்கள். அந்த நிணநீரில் உயிருள்ள பாக்டீரியாவைவிடக் காயமுற்ற குடல் சுவர் வெளிவிடும் அழற்சிப் பொருட்களே முக்கியமானவை என்பது இப்போது பலரும் ஏற்கும் கருத்து. அடிபட்டவருக்குச் சில நாட்கள் கழித்து ஏன் நுரையீரல் முதலில் தளர்கிறது என்ற பழைய புதிருக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. பாக்டீரியா கசிவதே இல்லை என்றும் இதற்குப் பொருளல்ல. ஆனால் ‘பாக்டீரியா கசிகிறது, ஆகவே நல்ல பாக்டீரியாவைக் கொட்டினால் அடைபட்டுவிடும்’ என்ற கணக்கு அவ்வளவு நேரானதல்ல.

கேள்வி: விபத்தில் சிக்கிய என் அண்ணன் வென்டிலேட்டரில் இருக்கிறார். விலை உயர்ந்த புரோபயாடிக் வாங்கிக்கொண்டு போனோம். மருத்துவர் அதைத் தொடக்கூட மறுத்துவிட்டார். பக்கவிளைவே இல்லாத ஒன்றைக் கொடுப்பதில் அவருக்கு என்ன தயக்கம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. கையைக் கட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு, தாமே வாங்கித் தரக்கூடிய ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது. ஆனால் ‘பக்கவிளைவே இல்லாத’ என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முட்டாள்தனமான யோசனை அல்ல. கடுமையாக அடிபட்டவர்களின் குடல்வாழ் நுண்ணுயிர்களின் கலவை 72 மணி நேரத்துக்குள்ளேயே மாறிவிடுவதை 2017இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ரத்த ஓட்டக் குறைவு, பட்டினி, ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஆகிய எல்லாம் சேர்ந்து பழைய குடிமக்களை வெளியேற்றி, என்டரோகாக்கஸ் போன்றவற்றுக்கு இடம் விடுகின்றன. அப்படியானால் நல்லவற்றைத் திரும்பக் குடியேற்றலாமே என்று தோன்றுவது இயல்பு. கிரேக்க நாட்டில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பல இடங்களில் காயமடைந்து வென்டிலேட்டரில் இருந்த 65 பேரில் ஒரு பகுதியினருக்குப் பல வகை லாக்டிக் அமில பாக்டீரியாவையும் நார்ச்சத்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களிடையே நோய்த்தொற்று தெளிவாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் பலரும் இதைப் படித்துவிட்டு மகிழ்ந்தோம்.

இரண்டே ஆண்டுகளில் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியால் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 300 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. ஆறு வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக், மூக்கு வழிக் குழாய் மூலம் சிறுகுடலுக்குள் செலுத்தப்பட்டது. நோய்த்தொற்று குறையவில்லை என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புரோபயாடிக் பெற்றவர்களில் 24 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 9 பேர். குடலுக்கு ரத்தம் போகாமல் குடலே அழுகியது முதல் குழுவில் 9 பேருக்கு. இரண்டாம் குழுவில் ஒருவருக்கும் இல்லை. ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருந்த குடலில் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோய் இறக்கியது அதன் சுமையைக் கூட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. கணைய அழற்சியும் விபத்துக் காயமும் ஒன்றல்லதான். ஆனால் ரத்தம் இழந்தவரின் குடலும் அதே தவிப்பில் இருப்பதை முதல் பதிலில் பார்த்தோம். அந்த 9 என்ற எண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு 2021இல் கனடா, அமெரிக்கா, சவுதி அரேபியா ஆகிய நாடுகளின் 44 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் இருந்த 2,650 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு வெளியானது. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற, உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட வகையை நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1,000 கோடி உயிரிகள் என்ற அளவில் கொடுத்தார்கள். வென்டிலேட்டரால் வரும் நிமோனியா புரோபயாடிக் பெற்றவர்களில் 21.9 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 21.3 விழுக்காட்டினருக்கும் வந்தது. அதாவது பயனே இல்லை. கொடுத்த அதே பாக்டீரியா, இருக்கக்கூடாத இடங்களில், ரத்தத்திலும் பிற உடல் திரவங்களிலும், முதல் குழுவில் 15 பேரிடம் காணப்பட்டது. மற்ற குழுவில் ஒருவரிடம். அது உண்மையில் கேப்ஸ்யூலிலிருந்து வந்ததுதானா என்று ஐயப்படுபவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சையில் இருந்த சில நோயாளிகளின் ரத்தத்தில் வளர்ந்த லாக்டோபேசில்லஸின் மரபணுத் தொடரையும், அவர்களுக்குக் கொடுத்த கேப்ஸ்யூலில் இருந்ததின் தொடரையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே குடும்பம் என்று 2019இல் ஒரு குழு நிறுவியிருக்கிறது.

கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மனித உடலில் வாழும் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. நம் செல்களைவிட அவை பத்து மடங்கு என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள்; அது பழைய கணக்கு, இரண்டும் ஏறத்தாழச் சமம். அந்த 38 லட்சம் கோடியின் பக்கத்தில் ஒரு கேப்ஸ்யூலின் 1,000 கோடி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அடிபட்டவர் இழப்பதோ பெரும்பாலும் பெருங்குடலில் ஆக்சிஜனே படாமல் வாழும் வகைகளை; அவைதாம் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட்டை உண்டாக்கி, பெருங்குடல் செல்களுக்கு எரிபொருள் தருபவை. கடையில் கிடைக்கும் கேப்ஸ்யூலில் இருப்பவை அவையல்ல. வெளியேறிய குடும்பத்தின் வீட்டில் வேறொருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைக்க முடியாது.

காயமடைந்தோரிடம் நடந்த சிறு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் இன்றும் சிறு நன்மை இருப்பதாகத் தோன்றத்தான் செய்கிறது; எனவே இந்தக் கதவு முழுதாக அடைபட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வு நெறிமுறைக்குள், கண்காணிப்புடன் ஒருவர் கொடுப்பது வேறு, வீட்டார் வாங்கி வந்த பொட்டலத்தைக் குழாயில் கரைத்து ஊற்றுவது வேறு. உங்கள் அண்ணனின் மருத்துவர் மறுத்தது சரி என்பதே என் கருத்து. மறுத்ததற்கான காரணத்தை இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற புரோபயாடிக் பொட்டலத்தை நோயாளியின் படுக்கையருகே பிரிக்கக் கூடாது என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்கிறார். வாய் வழியாகக் கொடுக்கும் மருந்துக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்?

பதில்: அவர் சொல்வதைக் கேளுங்கள். அது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். பொட்டலத்தின் வாயைக் கிழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் எழும்புகிறது. பிரித்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவு வரை உயிருள்ள ஈஸ்ட் படிவதையும், பிரித்தவரின் கைகளை நன்றாகக் கழுவிய பிறகும் அது ஒட்டியிருப்பதையும் 2000ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. அதே கையால் கழுத்திலுள்ள சென்ட்ரல் லைனின் (பெரிய சிரைக்குள் செலுத்திய குழாயின்) மூடியைத் திறந்தால், ஈஸ்ட்டுக்குக் குடல் தேவையில்லை. நேரே இதயத்துக்குப் போகும் பாதை கிடைத்துவிடுகிறது. பொட்டலம் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உரியதாக இருந்து, ஈஸ்ட் இவருடைய ரத்தத்தில் வளர்ந்த நிகழ்வுகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கும், உயிருக்குப் போராடும் நிலையில் உள்ளவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் அறிவித்ததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: புரோபயாடிக் வேண்டாம் என்றால், குடலைக் காக்க எதுதான் உதவும்? அம்மாவுக்கு மூன்றாம் நாளே மூக்கில் குழாய் விட்டு உணவு ஊற்றுகிறார்கள். இவ்வளவு சீக்கிரம் தேவையா என்று பயமாக இருக்கிறது.

பதில்: ரத்தக்கசிவை நிறுத்துவதே குடலுக்கான முதல் மருந்து. வேடிக்கையாகச் சொல்லவில்லை. 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, ட்ரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான ஊசி காயமடைந்தவர்களின் இறப்பைக் குறைக்கிறது என்று நிறுவியது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், அதன் பிறகு கொடுப்பது ரத்தக்கசிவால் நேரும் இறப்பைக் கூட்டவும் கூடும் என்பது அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது. உரிய நேரத்தில் ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றுவது அடுத்தது. உப்புநீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஏற்றினால் குடல் சுவரே நீர் கோத்து வீங்குகிறது என்பதால், இப்போது அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அதற்குப் பிறகு உணவு. வயிற்றுக் காயங்களுடன் வந்த 98 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குடலுக்குள் குழாய் வழியாகவும், மறு குழுவுக்குச் சிரை வழியாகவும் 24 மணி நேரத்துக்குள் ஊட்டத்தைத் தொடங்கிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1992இல் வெளிவந்தது. சிரை வழியாக ஊட்டம் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. குடல் வழியாகப் பெற்றவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கே வந்தது. குடலின் உட்படலம் தன் உணவின் ஒரு பெரிய பகுதியைத் தன் மீது கடந்துசெல்லும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ரத்தம் எவ்வளவுதான் வந்து பாய்ந்தாலும், மேலே உணவு எதுவும் கடந்துபோகவில்லை என்றால் அது மெலிந்துவிடும். ஆகவே அம்மாவுக்கு மூக்கு வழியாகச் சொட்டுச்சொட்டாக இறங்கும் அந்தத் திரவத்தைக் குடலுக்கான மருந்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்குள் இதைத் தொடங்குவதே பரவலாகப் பின்பற்றப்படும் நெறி.

ஆனால் ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலை (ஷாக்) அடங்காதவருக்கு இது பொருந்தாது. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகள் ஓடிக்கொண்டிருந்த 2,410 பேரிடம் பிரான்ஸில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே முழு அளவு உணவைக் குடலுக்குள் ஊற்றியவர்களில் 19 பேருக்குக் குடலில் ரத்த ஓட்டம் தடைபட்டது. சிரை வழியாகக் கொடுத்தவர்களில் 5 பேருக்கு. எனவே அளவும் நேரமும்தான் இங்கே மருத்துவம். அம்மாவின் குழாயில் மணிக்கு 10 அல்லது 20 மில்லிலிட்டர்தான் ஓடுகிறது என்று நீங்கள் கவலைப்பட்டால், அது கஞ்சத்தனம் அல்ல, கணக்கு.

குடல் செல்களுக்கு விருப்பமான உணவு என்று பெயர்பெற்ற குளூட்டமினைத் தனியாக வாங்கித் தரலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். பல உறுப்புகள் செயலிழந்த 1,223 பேரிடம் நடந்த ஆய்வில், மிகையாகக் குளூட்டமின் பெற்றவர்களிடையே இறப்பு கூடியது என்று 2013இல் தெரிந்தது. வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிவிட்டேன். ஆன்டிபயாடிக் இன்னும் ஒரு வாரம் உண்டு. வயிறு அடிக்கடி கலங்குகிறது. இப்போதாவது புரோபயாடிக் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் நிலை முற்றிலும் வேறு. கழுத்துக் குழாய் இல்லை, வாயால் உண்கிறீர்கள், ரத்த ஓட்டம் சீராக இருக்கிறது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதில் சில வகை புரோபயாடிக்குகளுக்குச் சான்று இருக்கிறது. ஆனால் சீராக இல்லை: பிரிட்டனில் முதியோர் ஏறத்தாழ 3,000 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. எடுத்துக்கொள்வதாக இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஆன்டிபயாடிக் விழுங்கியதிலிருந்து இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு, குறுகிய காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பேரினம், சிற்றினம் ஆகியவற்றோடு வகையின் அடையாளமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ராம்னோசஸ்’ என்பது ஊரின் பெயர் என்றால் ‘ஜிஜி’ என்பது கதவு எண். ஆய்வு நடந்தது அந்தக் கதவு எண்ணில்தான்.

மாதக்கணக்கில் தொடர வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. இஸ்ரேலில் 2018இல் வெளியான ஆய்வில், நலமான தன்னார்வலர்கள் 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரைச் சும்மா விட்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு 11 வகை கலந்த புரோபயாடிக் கொடுத்தார்கள். சும்மா விடப்பட்டவர்களின் பழைய நுண்ணுயிர்க் கூட்டம் சுமார் மூன்று வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. புரோபயாடிக் பெற்றவர்களுக்கோ ஐந்து மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டுக்காரர் வருவதற்குள் விருந்தாளி வாசலை அடைத்துக்கொண்டார் போலும். சிறிய ஆய்வுதான், ஆனால் கடையில் சேமித்து வாங்குவதற்கு முன் நினைவில் கொள்ளத்தக்கது.

உண்ண முடிகிற இந்த நேரத்தில் நார்ச்சத்துள்ள உணவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். உங்கள் பெருங்குடலில் எஞ்சியிருப்பவர்கள் அதைத் தின்றுதான் பெருகுவார்கள். தயிர் பிடித்தால் உண்ணலாம், மருந்தாக அல்ல. நாளுக்கு மூன்று முறைக்கு மேல் நீராகப் போனாலோ, காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்ந்தாலோ, அது க்ளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசீல் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். அப்போது மலத்தைப் பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகவே விழுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: விபத்தில் மண்ணீரல் சிதைந்து, அதை அகற்றிவிட்டார்கள். எனக்குப் புரோபயாடிக் ஆபத்தா?

பதில்: புரோபயாடிக்கைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. மண்ணீரல், உறை போர்த்திய பாக்டீரியாவை ரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு. அது இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் போன்றவை சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் தொற்றை உண்டாக்கலாம். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி வகை ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை, வழக்கமாக அறுவைக்கு 14 நாட்களுக்குப் பிறகு போடுவார்கள். போட்டார்களா என்று மருத்துவமனை தந்த வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) தேடிப் பாருங்கள். இல்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். நாய் கடித்தால், சிறு கீறலானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாயின் வாயில் இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பதில் பேர்போனது. உயிருள்ள நுண்ணுயிர்களை விழுங்குவதைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தெளிவான தேவை எதுவும் இல்லாதபோது தவிர்ப்பதே நல்லது என்பேன்.

கேள்வி: ரத்தம் இழந்ததற்காக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது. குடலில் மறுபடியும் ரத்தம் கசிகிறதா? இரும்பு குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு, கரும்பச்சை சாயலில், கெட்டியாக இருக்கும். குடலில் கசிந்த ரத்தமோ தார் போலப் பிசுபிசுத்து, கழிப்பறைக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத நாற்றத்துடன் வரும். இரண்டாவது வகை என்றாலோ, தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் இரண்டாம் கேள்வியிலும் உண்மை இருக்கிறது. அரை லிட்டர் ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடுகிறது. குடலோ சாதாரண நாளில் 1 அல்லது 2 மில்லிகிராமைத்தான் உறிஞ்சும். உடலில் அழற்சி இருக்கும் வாரங்களில் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அந்த வாசலையும் அடைத்துவிடும். உறிஞ்சப்படாத இரும்பு பெருங்குடலுக்குப் போய், இரும்பை விரும்பும் ஈ.கோலை போன்ற வகைகளுக்குத் தீனியாகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தினமும் எடுப்பதைவிட ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தால், ஒரு மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது என்று 2017இல் வெளியான சுவிஸ் ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் அடிபட்டவர்கள் அல்லர், இரும்புச்சத்துக் குறைந்த இளம் பெண்கள். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். வயிற்றுக் கலக்கம் தாங்க முடியாமல் இருந்தால், சிரை வழியாக இரும்பு ஏற்றும் வழியும் இருக்கிறது. அது குடலைத் தொடுவதே இல்லை.